சிற்றிதழுக்கு வரும் மின்னஞ்சல்களைப் பிரித்தல்: ஜிமெயில் வடிகட்டிகள் குறித்து

காலாண்டிதழ்ப் பொறுப்பாளர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளிவரும் ஓர் இலக்கியச் சிற்றிதழின் மின்னஞ்சல் பணிகளைக் கவனித்து வருகிறேன். பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் ஒரே ஜிமெயில் முகவரிக்குத்தான் எல்லாமே வருகின்றன: கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, சந்தா கட்டியவர்கள் அனுப்பும் ரசீதுப் படங்கள், வங்கியின் வரவு அறிவிப்புகள், அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புகள், மதிப்புரைக்காகப் பதிப்பகங்கள் அனுப்பும் நூல் விவரங்கள், இவற்றுக்கு நடுவே நாங்கள் கேட்காமலே வந்து குவியும் விளம்பர மடல்கள்.

படைப்புகளை மட்டும் தனியே பிரிப்பதற்காக, தலைப்பில் 'சிறுகதை' என்ற சொல் இருந்தால் 'படைப்புகள்' என்னும் லேபிள் விழுமாறு ஒரு வடிகட்டி அமைத்திருக்கிறோம். அது சில மடல்களைப் பிடிக்கிறது, பலவற்றை விட்டுவிடுகிறது. 'என் சிறுகதையை இணைத்துள்ளேன்' என்று வரும் மடல் அதில் சிக்குவதில்லை. 'பிரசுரத்திற்கு' என்று மட்டும் எழுதுபவர்களும், தலைப்பே இல்லாமல் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கதை எங்கள் இன்பாக்ஸில் புதைந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. முறையாக அமைக்க வழி சொல்லுங்கள்.

வலைநிர்வாகி எழுதியது:

ஐயா, ஜிமெயிலில் வடிகட்டி என்பது சேமித்து வைத்த ஒரு தேடல்தான். புதிய மடல் வரும்போதெல்லாம் அந்தத் தேடலோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் நீங்கள் சொல்லி வைத்த வேலையைச் செய்கிறது. எனவே தேடலுக்கு உள்ள குறைகள் அனைத்தும் வடிகட்டிக்கும் உண்டு. ஜிமெயில் தேடல் சொல்லை முழுச் சொல்லாகவே ஒப்பிடுகிறது. சொல்லின் முற்பகுதியைக் கொடுத்து மற்றதைப் பிடிக்கச் சொல்ல இயலாது. சிறுகதை, சிறுகதைகள், சிறுகதையை, சிறுகதையொன்று ஆகியவை நமக்கு ஒரே சொல்லின் வடிவங்கள். அதற்கோ நான்கு வேறு சொற்கள். உருபும் சாரியையும் சொல்லோடு ஒட்டியே நடக்கும் நம் மொழியில், தலைப்புச் சொல்லை நம்பி அமைக்கும் வடிகட்டி ஓட்டையாகத்தான் இருக்கும். எத்தனை வடிவங்களை அடுக்கினாலும் இன்னொன்று விடுபடும்.

ஆகவே மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எந்த முகவரிக்கு வந்தது என்பதைப் பாருங்கள். ஜிமெயிலில் உங்கள் பயனர் பெயருக்குப் பின், @ குறிக்கு முன்னால், + குறியும் அதையடுத்து ஏதேனும் ஒரு சொல்லும் சேர்த்தால், அந்த முகவரிக்கு வரும் மடலும் உங்கள் இன்பாக்ஸுக்கே வந்து சேரும். இதற்குப் புதிய கணக்கோ முன்பதிவோ வேண்டாம். 'இதழ்+படைப்பு', 'இதழ்+சந்தா', 'இதழ்+அச்சு' என்ற பாங்கில் ஆங்கில எழுத்துகளில் மூன்று முகவரிகளை வகுத்துக்கொண்டு, அடுத்த இதழில் அந்தந்தப் பணிக்கு அந்தந்த முகவரியை அச்சிடுங்கள். பிறகு தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியைச் சொடுக்கினால் விரியும் படிவத்தில், பெறுநர் கட்டத்தில் + குறியோடு கூடிய முகவரியை இட்டு வடிகட்டியை உருவாக்குங்கள்.

உருவாக்கும் முன் அதே படிவத்தில் தேடல் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே வந்த மடல்களில் எவையெல்லாம் பொருந்துகின்றன என்று அது காட்டிவிடும். பொருந்தக் கூடாத ஒன்று அங்கே தெரிந்தால் நிபந்தனையை அப்போதே திருத்திக்கொள்ளலாம்.

ஈரோட்டு நூலகர் எழுதியது:

வலைநிர்வாகி சொன்ன முகவரி முறையே சரியானது. அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: அச்சிட்ட முகவரியைத் தட்டெழுதும்போது ஒருவர் + பகுதியை விட்டுவிட்டாலும் மடல் தொலைவதில்லை, லேபிள் இல்லாமல் இன்பாக்ஸிலேயே நிற்கும். படைப்பாளிகளைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பு மிகவும் முக்கியம்.

லேபிள்களுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். 2004இல் ஜிமெயில் வந்தபோதே கோப்புறைகளை விட்டுவிட்டு லேபிள்களைக் கொண்டுவந்ததற்குக் காரணம், ஒரே மடல் இரண்டு மூன்று இடங்களுக்கு உரியதாக இருக்கலாம் என்பதுதான். தன் கதையை அனுப்பும் ஒருவர் அதே மடலில் சந்தா கட்டிய ரசீதையும் இணைத்தால் இரண்டு லேபிள்களும் அதன்மேல் இருக்கலாம். இந்த வசதி இருக்கிறதே என்று கதை, கவிதை, கட்டுரை, நேர்காணல், மொழிபெயர்ப்பு என்று லேபிள்களைப் பெருக்கிவிடாதீர்கள். ஆசிரியர் குழு அந்த மடலை என்ன செய்ய வேண்டும் என்பதே பிரிவினையின் அடிப்படையாக இருக்கட்டும். படித்து முடிவெடுக்க வேண்டியவை, கணக்கில் ஏற்ற வேண்டியவை, திருத்தி அனுப்ப வேண்டியவை என்ற மூன்று போதும். இலக்கிய வகையை இயந்திரம் பிரிக்க வேண்டியதில்லை, படிப்பவர் பிரிப்பார்.

இன்பாக்ஸைத் தவிர்த்து நேரே ஆர்க்கைவுக்கு, அதாவது கண்ணில் படாத சேமிப்புக்கு, அனுப்பும் கட்டளையை மனிதர்கள் எழுதும் மடல்களுக்கு இடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை இயந்திரங்கள் அனுப்பும் அறிவிப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேடலே போதும் என்பவர் எழுதியது:

இவ்வளவு ஏற்பாடு தேவைதானா என்று எண்ணத் தோன்றுகிறது. எல்லா மடல்களையும் இன்பாக்ஸிலேயே விட்டுவிட்டு, வேண்டியபோது தேடி எடுப்பதே என் வழக்கம். இணைப்புள்ள மடல்களை மட்டும் காட்டச் சொன்னால் படைப்புகள் வந்துவிடுமே?

வலைநிர்வாகி எழுதியது:

தனியொருவரின் அஞ்சலுக்கு அது போதும். ஓர் இதழின் அஞ்சலைப் பலர் சேர்ந்து பார்க்கிறார்கள். யார் எதைப் பார்த்து முடித்தார், எது மீதமிருக்கிறது என்பது மடலின் மேலேயே தெரிந்தாக வேண்டும். மேலும், இன்னது வந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைத் தேட முடியும்? வந்ததே தெரியாத கதையை யாரும் தேட மாட்டார்கள்.

இணைப்பு இருப்பதைப் படைப்பின் அடையாளமாகக் கொள்ளவும் இயலாது. கவிஞர்கள் பலர் கவிதையை மடலின் உடலிலேயே தட்டெழுதி அனுப்புகிறார்கள். சிலர் கூகுள் டாக்ஸில் எழுதி அதன் சுட்டியை மட்டும் தருகிறார்கள். ஜிமெயிலில் இணைப்பின் உச்ச அளவு 25 எம்பி. அதற்கு மேற்பட்ட கோப்பு, ஜிமெயிலிலிருந்து அனுப்பப்பட்டால், தானாகவே கூகுள் டிரைவ் என்னும் இணையச் சேமிப்பகத்தின் சுட்டியாக மாறிவிடும். படங்களோடு கூடிய அச்சக மெய்ப்பு அப்படி வருவதற்கு வாய்ப்பு அதிகம். மறுபுறம், விளம்பரதாரரின் விலைப்பட்டியலும் இணைப்போடுதான் வருகிறது.

யாழ்ப்பாணத்து வாசகி எழுதியது:

நான் தண்டர்பேர்ட் என்னும், கணினியில் நிறுவிக்கொள்ளும் மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் 'கொண்டுள்ளது' என்ற நிபந்தனை சொல்லின் பகுதியையும் பிடிப்பதால், 'சிறுகதை' என்று கொடுத்தாலே சிறுகதையை, சிறுகதைகள் அனைத்தும் அகப்படுகின்றன. மகர ஈற்றுச் சொற்களுக்கு 'விமர்சனம்' என்று முழுவதுமாகக் கொடுக்காமல் 'விமர்சன' என்று நிறுத்தினால் 'விமர்சனத்துக்கு' என்பதும் சேர்ந்து வரும். ஜிமெயில் வடிகட்டிகளுக்கு முன்பின் வரிசை கிடையாது, பொருந்துவன எல்லாமே செயற்படும். தண்டர்பேர்டில் அவை மேலிருந்து கீழாக ஓடும், இதோடு நிறுத்து என்றும் கட்டளையிடலாம். ஆனால் தண்டர்பேர்ட் உங்கள் கணினியில் திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே இவை வேலை செய்யும். கைபேசியில் பார்க்கும் மற்ற ஆசிரியர்களுக்கு, உங்கள் கணினி இயங்கும்வரை மடல்கள் பிரிக்கப்படாமலேயே தெரியும்.

எழுத்துருச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னமும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதி அனுப்பும் மூத்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலைப்பையும் அப்படியே ஒட்டிவிட்டால், அது நம் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தோன்றும். எந்தத் தமிழ்ச் சொல்லை நிபந்தனையாக வைத்தாலும் அந்த மடல் அகப்படாது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதுபவர்களிடையேயும் வேறுபாடு உண்டு. 'கௌரவம்' என்பதை ஔகாரக் குறியோடு எழுதுவதற்குப் பதிலாக, ஒற்றைக்கொம்பும் ககரமும் அடுத்து ஒரு ளகரமும் இட்டு 'கெளரவம்' என்று எழுதுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு. 'கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கும் மடல்களில் இதை நானே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

அஞ்சல் சேவையகப் பணியாளர் எழுதியது:

யாழ்ப்பாணத்து நண்பர் குறிப்பிட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. எனினும் எழுத்துகளைப் பைட் பைட்டாக ஒப்பிடும் மென்பொருள், இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், அவற்றை வேறு வேறாகவே கொள்ளும். சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்து, சீவ் என்னும் வடிகட்டி மொழியைத் தரும் சேவையகத்தைப் பயன்படுத்தும் இதழ்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சீவ் 2001இல் தரப்படுத்தப்பட்டு, 2008இல் ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தர ஆவணமாக புதுப்பிக்கப்பட்டது. சேவையகத்திலேயே ஓடுவதால் உங்கள் கணினி அணைந்திருந்தாலும் வடிகட்டல் நடக்கும். அதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்த விதிக்கும் பொருந்தாத மடல் தானாகவே இன்பாக்ஸில் தங்கிவிடும் என்ற அடிப்படை நெறி. எழுதியவர் ஒரு சூழ்நிலையை எண்ணத் தவறினாலும் மடல் மறைந்துவிடாது.

பதிப்பகங்களும் அமைப்புகளும் அனுப்பும் செய்திமடல்களுக்கு வருகிறேன். இவற்றைத் தலைப்பைக் கொண்டோ அனுப்புநர் பெயரைக் கொண்டோ பிடிக்க முயல வேண்டாம். ஒழுங்காக நடத்தப்படும் குழுமடல்கள் பலவற்றிலும், கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், பட்டியல் அடையாளம் என்ற வரி ஒன்று இருக்கும். தலைப்பு மாறினாலும் அனுப்புபவர் மாறினாலும் அது மாறாது. அத்தகைய ஒரு மடலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் இதுபோன்ற மடல்களை வடிகட்டு என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஜிமெயில் பெரும்பாலும் அந்த அடையாளத்தையே நிபந்தனையாக இட்டுத் தரும். இத்தகைய மடல்களுக்கு இன்பாக்ஸைத் தவிர்க்கும் கட்டளையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஒருபோதும் படிக்காத விளம்பர மடல்களுக்கு வடிகட்டி அமைப்பதைவிட விலகிக்கொள்வதே மேல். ஒரு நாளில் 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள், தங்கள் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும், விலகல் கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் கூகுள் 2024இல் விதி கொண்டுவந்தது. அனுப்புநர் பெயருக்கு அருகிலேயே அந்தச் சுட்டி தெரியும். ஆனால் யாரென்றே தெரியாதவர்கள் அனுப்பும் குப்பை மடலின் உள்ளே இருக்கும் விலகல் சுட்டியைத் தொடாதீர்கள். உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்ற தகவலை அது அவர்களுக்குத் தந்துவிடும். அவற்றை ஸ்பேம் என்று அறிவித்துவிடுங்கள்.

காலாண்டிதழ்ப் பொறுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. முகவரி முறையையே கைக்கொள்வதென்று ஆசிரியர் குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதன்முறையாக எழுதும் இளைஞர்களின் மடல்கள் சில வேளைகளில் ஸ்பேமுக்குப் போய்விடுகின்றன. இதைத் தடுக்க முடியுமா? இன்னொன்று, வங்கியின் வரவு அறிவிப்புகளைப் பொருளாளர் பார்வைக்காகத் தனி லேபிளில் சேர்க்க விரும்புகிறோம்.

அஞ்சல் சேவையகப் பணியாளர் எழுதியது:

'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற செயல் வடிகட்டியில் இருக்கிறது. அதைப் படைப்புகளுக்கான + முகவரிக்கு மட்டும் பூட்டுங்கள். இணைப்புள்ள மடல்கள் அனைத்துக்கும் என்று பொதுவாக அமைத்தால், தீங்கான கோப்புகளைச் சுமந்து வரும் மடல்களுக்கும் நீங்களே வாசலைத் திறந்துவிட்டதாகிவிடும். அச்சில் வெளியான முகவரி நாளடைவில் குப்பை அனுப்புவோர் கையிலும் சிக்கும். அப்போது + குறிக்குப் பின்னுள்ள சொல்லை மாற்றிப் புதிய முகவரியை அச்சிட்டால், பழைய முகவரிக்குத் தந்திருந்த சலுகையை நீக்கிவிடலாம். ஸ்பேமில் விழுந்த மடல் 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறையாவது ஒருவர் அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அதை எந்த வடிகட்டியிடமும் ஒப்படைக்க முடியாது.

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

வங்கி மடல்களைப் பற்றி நான் சொல்கிறேன். இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை பேங்க்.இன் என்று முடியும் டொமைனுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. டொமைன் மாறும்போது அறிவிப்புகளை அனுப்பும் முகவரியும் மாறக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் பழைய முகவரியை வைத்து அமைத்த வடிகட்டி அன்றோடு செயலிழந்திருக்கும். யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனெனில் செயலிழந்த வடிகட்டி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ஆகவே அண்மையில் வந்த வரவு அறிவிப்பைத் திறந்து, அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பகுதியைப் பார்த்து, அதையே நிபந்தனையாக இடுங்கள். பழையதும் புதியதும் இருந்தால் இரண்டையும் 'அல்லது' என்று இணைக்கலாம்.

இன்னொன்றையும் உங்கள் பொருளாளரிடம் வலியுறுத்திச் சொல்லுங்கள். 'வங்கி' என்ற லேபிள் விழுந்திருப்பதால் மட்டுமே அந்த மடல் வங்கியிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. வடிகட்டி நிபந்தனையை மட்டுமே பார்க்கிறது, நம்பகத்தன்மைக்குச் சான்று தருவதில்லை. கணக்கை உடனே சரிபார்க்கச் சொல்லும் சுட்டி அதில் இருந்தால், அதைச் சொடுக்காமல் வங்கியின் தளத்துக்கு நேரே போய்ப் பார்க்க வேண்டும்.

கதை அனுப்புபவர் எழுதியது:

எழுத்தாளர்கள் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். கதை கிடைத்தது என்று ஒரு வரி வந்தாலே எங்களுக்கு நிம்மதி. பல இதழ்களிடமிருந்து அதுகூட வருவதில்லை. வேறு இதழுக்கு அனுப்பலாமா, காத்திருக்கலாமா என்று தெரியாமல் ஓராண்டு கடந்துவிடுகிறது. இதற்கு வடிகட்டியில் வழி உண்டா?

வலைநிர்வாகி எழுதியது:

நல்ல கேள்வி; வழி உண்டு. ஜிமெயில் அமைப்புகளில், மேம்பட்டவை என்ற பகுதியில், டெம்ப்ளேட் வசதியை இயக்கிவிட்டு, 'தங்கள் படைப்பு கிடைத்தது, முடிவை இன்ன காலத்துக்குள் தெரிவிப்போம், அதுவரை தகவல் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பலாம்' என்பது போன்ற ஒரு மடலை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அதன்பின் வடிகட்டியின் செயல்களில் டெம்ப்ளேட்டை அனுப்பு என்பதும் சேர்ந்திருக்கும். இதையும் படைப்பு முகவரிக்கு வரும் மடல்களுக்கு மட்டுமே அமைக்க வேண்டும். பொது முகவரிக்கு அமைத்தால் அச்சகத்துக்கும் விளம்பரதாரருக்கும் 'தங்கள் படைப்பு கிடைத்தது' என்று போகும். உங்கள் சொந்த முகவரியிலிருந்து வருபவற்றை அதே வடிகட்டியில் விலக்கி வையுங்கள்.

அதோடு, கணக்கு அமைப்புகளில் + முகவரியை இன்னொரு அனுப்புநர் முகவரியாகச் சேர்த்து, மடல் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகுமாறு வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி ஒவ்வொரு மடலையும் தனித்தனியே பார்க்கிறது. நீங்கள் பொது முகவரியிலிருந்து பதில் அனுப்பினால், திருத்திய பிரதியோடு எழுத்தாளர் தரும் மறுமொழியும் பொது முகவரிக்கே வரும், வடிகட்டியில் பொருந்தாது.

ஆனால் மறுமொழியும் + முகவரிக்கு வரும்போது டெம்ப்ளேட் மீண்டும் போய்விடும் என்பதால், தலைப்பில் பதிலுக்குரிய 'ஆர்ஈ' என்ற ஆங்கிலக் குறி உள்ள மடல்களைத் தானியங்கிப் பதிலிலிருந்து விலக்குங்கள். இதற்காக லேபிளுக்கு ஒரு வடிகட்டியும் பதிலுக்கு ஒரு வடிகட்டியும் என்று இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது.

ஈரோட்டு நூலகர் எழுதியது:

கணக்கின் கடவுச்சொல்லை ஆசிரியர் குழுவில் அனைவரும் பகிர்ந்து வைத்திருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். ஜிமெயிலில் பிரதிநிதிகளை நியமிக்கலாம். தனிநபர் கணக்கொன்றுக்குப் பத்துப் பேர் வரை இடம் உண்டு. அவர்கள் மடல்களைப் படிக்கலாம், பதில் எழுதலாம், நீக்கவும் செய்யலாம். கடவுச்சொல்லை மாற்ற இயலாது.

அமைப்புகளில் வடிகட்டிகளின் பட்டியலையும், மடல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் முன்னனுப்பல் பகுதியையும் அவ்வப்போது பார்த்து வாருங்கள். ஒரு கணக்கில் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, பணம் தொடர்பான மடல்களை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு இன்பாக்ஸிலிருந்து மறைக்கும் வடிகட்டியை அமைப்பது. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த வடிகட்டி அப்படியே இருக்கும். நீங்கள் அமைக்காத ஒன்று பட்டியலில் தெரிந்தால் அதை நீக்குவதோடு நின்றுவிடாமல், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள்.

காலாண்டிதழ்ப் பொறுப்பாளர் எழுதியது:

படைப்பு, சந்தா, அச்சு ஆகிய மூன்று முகவரிகளுக்கும் வடிகட்டிகளை அமைத்துச் சோதித்துவிட்டோம். மனிதர்கள் எழுதும் மடல் எதுவும் இன்பாக்ஸைத் தவிர்க்காது. எதையும் தானாக நீக்கும் கட்டளையும் இல்லை. செய்திமடல்களுக்குத் தனி லேபிள் இட்டு இன்பாக்ஸிலிருந்து விலக்கியிருக்கிறோம். கிடைத்தது என்னும் பதிலில் மூன்று மாதக் கெடு குறிப்பிட ஆசிரியர் இசைந்துள்ளார். பொது முகவரிக்கு வரும் படைப்புகளுக்கு மட்டும் ஒருவர் கையாலேயே லேபிள் இட்டுவிட்டுப் பதில் எழுதுவார். பழைய மடல்களை என்ன செய்வது என்பது ஒன்றுதான் மீதமிருக்கிறது. அவை அனைத்தும் பின்னட்டை முகவரிக்கு வந்தவை என்பதால் புதிய வடிகட்டிகளில் பொருந்தவில்லை.

வலைநிர்வாகி எழுதியது:

வடிகட்டியை உருவாக்கும்போது, பொருந்தும் பழைய உரையாடல்களுக்கும் இதைச் செயற்படுத்து என்று ஒரு கட்டம் இருக்கும். செய்திமடல் வடிகட்டிக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய செய்திமடல்கள் அனைத்தும் ஒரே வீச்சில் ஒதுங்கிவிடும். முன்னனுப்பல் கட்டளை மட்டும் புதிதாக வரும் மடல்களுக்கே பொருந்தும், பழையவற்றுக்குச் செல்லாது. அவற்றை ஒதுக்கிய பின் எஞ்சுபவை பெரும்பாலும் மனிதர்கள் எழுதியவையாகவே இருக்கும். அவற்றைக் குழுவில் ஆளுக்கொரு காலாண்டாகப் பிரித்துக்கொண்டு, படித்துப் பார்த்துக் கையால் லேபிள் இடுங்கள். பதில் போகாத கதைகள் அங்கே இருக்கலாம் என்பதால் இந்த ஒரு வேலையில் குறுக்குவழி தேட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

எல்லாம் முடிந்ததும், வடிகட்டிப் பட்டியலின் அடியில் உள்ள ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். நாளை பொறுப்பு வேறொருவரிடம் போய், இதழுக்குப் புதிய கணக்கு தொடங்க நேர்ந்தாலும், அவர் அந்தக் கோப்பை இறக்குமதி செய்து முகவரிகளை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.